ஐம்பது மீட்டர் மன்னிக்கும், எண்ணூறு மீட்டர் மன்னிக்காது

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்கள் 50 மீட்டர் ப்ரீஸ்டைல் இறுதிப் போட்டி. ஜெர்மனியின் பிரிட்டா ஸ்டெஃபன் 24.06 விநாடியில் சுவரைத் தொட்டார். அமெரிக்காவின் டாரா டோரஸ் தொட்டது 24.07-இல். அந்த வேகத்தில் நூறில் ஒரு விநாடி என்பது இரண்டு சென்டிமீட்டர்தான், விரல்நுனி விவகாரம். தங்கத்தைத் தவறவிட்ட டோரஸுக்கு அப்போது வயது 41, கையில் இரண்டு வயதுக் குழந்தை. 1984-இல் அவர் தன் முதல் ஒலிம்பிக்கில் நீந்தியபோது ஸ்டெஃபன் பிறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

இன்னொரு அமெரிக்கர் ஜேனட் எவன்ஸ். 1989-இல் 800 மீட்டர் ப்ரீஸ்டைலை 8 நிமிடம் 16.22 விநாடியில் நீந்தி அவர் படைத்த உலக சாதனையை 2008 வரை யாராலும் அசைக்க முடியவில்லை. 1996-இல் ஓய்வு பெற்றவர், 40 வயதில் திரும்பி வந்து 2012 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் அதே 800 மீட்டரில் இறங்கினார். இந்த முறை 9 நிமிடத்துக்கும் மேல் ஆனது. இறுதிச் சுற்றை நெருங்கக்கூட முடியவில்லை.

இருவருமே அபூர்வமான திறமைசாலிகள், இருவருமே மன உறுதிக்குப் பேர்போனவர்கள். அதனால் "உறுதி இருந்தால் வயது தடையில்லை" என்ற வழக்கமான வசனம் இங்கே எதையும் விளக்காது. விடை பெரும்பாலும் தூரத்தில் இருக்கிறது. வயது உடலிலிருந்து எல்லாவற்றையும் ஒரே அளவில் எடுத்துக்கொள்வதில்லை. அது முதலில் எடுப்பது எதுவோ அதை 800 மீட்டர் கேட்கிறது. 50 மீட்டர் அதை அவ்வளவாகக் கேட்பதில்லை.

முதலில் எடுப்பது இதயத்தின் உச்சத் துடிப்பை. 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் ஒருவரின் உச்சத் துடிப்பு ஏறக்குறைய கிடைக்கும் என்பது உடற்பயிற்சி அறிவியலில் புழங்கும் கணக்கு. 20 வயதில் நிமிடத்துக்கு 194, 41 வயதில் 179. எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இந்தப் பதினைந்து துடிப்பு திரும்பி வராது. துடிப்பு குறைந்தால் நிமிடத்துக்கு இதயம் தள்ளும் ரத்தம் குறையும், தசைக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனும் குறையும். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு, சும்மா இருப்பவர்களுக்குப் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் இறங்குகிறது. விடாமல் பயிற்சி செய்பவர்களுக்கு இறக்கம் அதில் பாதியளவு.

எட்டு நிமிடம் நீந்துகிறவருக்கு இந்த ஆக்சிஜன்தான் மூலதனம். 50 மீட்டரின் கதையே வேறு. 24 விநாடிக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி, தசைக்குள் ஏற்கெனவே இருக்கும், உடனடி ஆற்றல் தரும் சேர்மமான கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்தும், ஆக்சிஜன் இல்லாமலே உடைபடும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது. இதயம் தன் உச்சத்துக்கு ஏறி முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். முன்னணி வீரர்கள் பலர் அந்த ஐம்பது மீட்டரையும் மூச்சே எடுக்காமலோ, ஒரே ஒரு மூச்சிலோ கடந்துவிடுகிறார்கள்.

இத்தோடு தண்ணீரின் இயற்பியலும் சேர்கிறது. வயதான நீச்சல்காரர்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை இதுதான் என்பது என் கருத்து. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதில் நகரும் உடலை எதிர்க்கும் இழுவிசை, வேகத்தின் இருமடிக்கு, அதாவது வேகத்தை வேகத்தால் பெருக்கிய அளவுக்கு, ஏற்ப ஏறும். அந்த விசையை எதிர்த்து அந்த வேகத்தில் நகரத் தேவையான திறனோ மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட வேண்டுமென்றால் திறனை 33 சதவீதம் கூட்ட வேண்டும். இளம் வீரர்களை வதைக்கிற இதே விதியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். திறனில் 20 சதவீதம் போனாலும் வேகத்தில் போவது 7 சதவீதம்தான்! ஓட்டக்காரருக்கு இந்தச் சலுகை இல்லை. அவருக்கு ஆற்றல் செலவு வேகத்தோடு ஏறக்குறைய நேர் விகிதத்தில் நகர்வதால் இழப்பு அப்படியே கடிகாரத்தில் தெரியும்.

எவன்ஸின் நேரத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 8:16-லிருந்து 9 நிமிடத்துக்கு மேல் போனால் வேகத்தில் இழப்பு 8, 9 சதவீதம். மும்மடி விதிப்படி அவர் திறனில் கிட்டத்தட்ட கால்பங்கு போயிருக்கிறது. இடையில் ஓடிய இருபத்துச் சொச்சம் வருடங்களில், பத்து வருடத்துக்கு 10 சதவீதம் என்று இறங்கினால் எவ்வளவு வருமோ அதற்குப் பக்கத்தில் வருகிறது. இது தோராயக் கணக்குதான். திரும்பும்போது சுவரை உதைப்பது, நீருக்கடியில் சறுக்கிச் செல்வது எதையும் இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் தோல்வி என்று பேசப்பட்ட அந்த நீச்சல் அப்படியொன்றும் மோசமானதல்ல என்பது புரியும்.

டோரஸின் எண்களில் ஒரு குறுக்கீடு உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சிட்னி 2000-இல், 33 வயதில், அவருடைய நேரம் 24.63. 41 வயதில் அது 24.07 ஆகக் குறைந்ததற்கு 2008-இல் புழக்கத்துக்கு வந்த பாலியூரித்தேன் நீச்சலுடையும் ஒரு காரணம். உடலை இறுக்கி வழவழப்பாக்கி இழுவிசையைக் குறைத்த அந்த உடைகள் 2010-இல் தடை செய்யப்பட்டன. ஆகவே நியாயமான ஒப்பீட்டுக்கு 2012-ஐத்தான் எடுக்க வேண்டும். அந்த வருடத் தேர்வுப் போட்டியில் 45 வயது டோரஸ் 24.82-இல் நீந்தி நான்காவதாக வந்தார். அணியில் சேர வேண்டிய இடத்தை 0.09 விநாடியில் இழந்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் வேகம் குறைந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. (எவன்ஸோடு இதை நேரடியாக ஒப்பிடுவது கொஞ்சம் அநியாயம்தான். அவர் சுமார் பதினைந்து வருடம் விலகி இருந்தார், டோரஸின் இடைவெளிகள் குறுகியவை.) சிட்னியில் 19 வயதில் 50 மீட்டர் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டு, சில வருடங்களில் விளையாட்டையே விட்டுப் போன அந்தோணி எர்வின், 2016 ரியோவில் 35 வயதில் அதே பந்தயத்தை மறுபடி வென்றார். அதுவும் குறுந்தூரம்தான்.

தூரம் சற்றே கூடினாலும் கதை மாறிவிடும். 1972 மியூனிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ், 1992 ஒலிம்பிக்கைக் குறிவைத்து 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் திரும்பி வந்தார். தகுதி நேரத்துக்குச் சுமார் இரண்டு விநாடி போதவில்லை. இத்தனைக்கும் மியூனிக்கில் அவர் நீந்திய 54.27, அந்தத் தகுதி நேரத்தைவிட வேகமானது.

திறன் குறைந்தும் இவர்கள் நம்மைப் போன்றவர்களைவிட எங்கோ மேலே நிற்பதற்குக் கையின் நுட்பம் ஒரு காரணம். நீச்சலில் உடல் செலவிடும் ஆற்றலில் மிகச் சிறிய பங்குதான் முன்னே தள்ளும் வேலையாகிறது, மீதியெல்லாம் வெப்பமாகவும் கலங்கிய நீராகவும் போய்விடுகிறது. தேர்ந்த ப்ரீஸ்டைல் வீரரின் கையைக் கவனியுங்கள். உள்ளங்கை நீருக்குள் இறங்கியதும் முழங்கை மேலேயே நிற்கும். முன்கை மட்டும் செங்குத்தாகக் கீழே மடங்கும். விரல்நுனி முதல் முழங்கை வரை ஒரே துடுப்பாகி நீரைப் பின்னோக்கி அழுத்தும். புதிதாகக் கற்றவர் முழங்கையைத் தொங்கவிட்டு நீரைக் கீழே அழுத்துவார். உடல் எழும்புமே தவிர முன்னே போகாது. சிறு வயதில் லட்சக்கணக்கான வீச்சுகளால் பதிந்த இந்த அசைவு சிறுமூளையில் பல பத்தாண்டுகள் அழியாமல் இருக்கும். சைக்கிள் மறப்பதில்லை என்பார்களே, அந்த வகை.

தசைக்கும் நினைவு உண்டு என்று சொல்ல ஓரளவு ஆதாரம் இருக்கிறது. பயிற்சியில் தசை இழை பருக்கும்போது அதற்குள் கூடுதல் உட்கருக்கள் சேர்கின்றன. இழை மெலிந்த பிறகும் அவை தங்கிவிடுவதை நார்வே ஆய்வாளர்கள் எலிகளில் கண்டு 2010-இல் வெளியிட்டார்கள். உட்கரு தயாராக இருந்தால் புரதம் கட்டுவது சீக்கிரம் தொடங்கும். மனிதர்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் விவாதம் ஓயவில்லை. ஆனால் ஒருமுறை வலுவாக இருந்தவர் இரண்டாம் முறை வேகமாகத் தேறுவதைப் பயிற்சியாளர்கள் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள்.

எவ்வளவு மீட்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று டல்லாஸில் நடந்த ஓர் ஆய்வு. 1966-இல் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். அவர்களின் ஆக்சிஜன் திறன் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை அழைத்துச் சோதித்தபோது, முப்பது வருட முதுமையைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் கெடுத்திருந்தது தெரிந்தது. அதோடு விடவில்லை. ஐம்பதைத் தொட்டிருந்த அவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். ஆக்சிஜன் திறன், 1966-இல் படுக்கைக்கு முன்பு இருந்த அளவுக்கே திரும்பியது. இதயத்தின் உச்ச வேலைத்திறன் அப்படியேதான் இருந்தது. ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும் திறன் தசைகளில் கூடியிருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: அவர்கள் சாதாரண ஆட்கள், திரும்பியதும் சாதாரண நிலைக்குத்தான். சாம்பியன் ஒருவர் தன் பழைய உச்சத்துக்கு இதே வழியில் போய்விடலாம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

திரும்பி வருகிறவர்களை உண்மையில் வீழ்த்துவது பெரும்பாலும் தோள்பட்டை. தசை சில வாரங்களில் வலுவாகிவிடும், அதை எலும்போடு கட்டும் தசைநாண் அவ்வளவு வேகமாகத் தேறாது. ரத்த ஓட்டம் அதற்குக் குறைவு, அதைக் கட்டும் புரதமான கொலாஜன் புதுப்பிக்கப்படும் வேகமும் குறைவு. நுட்பம் நினைவிருக்கிறது, தசையும் தேறிவிட்டது, உடல் பழைய வேகத்தில் இழுக்கத் தயார். தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் மட்டும் இன்னும் தயாரில்லை. ஒரே பயிற்சியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை சுழலும் மூட்டு அது. டோரஸே தோளிலும் முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அவர் இளமையில் நீந்திய தூரத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, வலுப் பயிற்சிக்கும் தசை நீட்சிக்கும் ஓய்வுக்கும் நேரம் ஒதுக்கினார். நடுவயதில் கடும் பயிற்சியிலிருந்து மீள அதிக நேரம் பிடிப்பதால் இது சொகுசு அல்ல, பயிற்சியின் பாதியே இதுதான்.

ஒலிம்பிக் எட்டாதவர்களுக்கு மாஸ்டர்ஸ் போட்டிகள் இருக்கின்றன. உலக மாஸ்டர்ஸ் நீச்சல் 1986-இல் டோக்கியோவில் தொடங்கியது. 25 வயதிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவு. அந்த வருட டிசம்பர் 31-இல் என்ன வயதோ அதுதான் கணக்கு. டிசம்பரில் 45 ஆகப்போகிறவர் ஜனவரியிலேயே 45–49 பிரிவில் இளையவராக நுழைந்துவிடலாம். 44 வயதுக்காரர்கள் அடுத்த பிறந்தநாளுக்கு ஆசையோடு காத்திருக்கும் இடம் வேறு எங்காவது இருக்கிறதா, தெரியவில்லை.