மெஷ் – கண்ணிப்பிணையம்: ஒரு சொல் விளக்கம்

மெஷ்: ரவுட்டர்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசிக்கொள்ளும் கம்பியில்லாப் பிணையம். நடுவில் கோபுரமோ தலைமை நிலையமோ கிடையாது. ஒவ்வொரு கருவியும் தன் செய்தியை அனுப்பும். பக்கத்துக் கருவியின் செய்தி வந்தால் அதையும் வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். ஹாம் வானொலிக்காரர்கள், அதாவது உரிமம் பெற்றுக் கூலி வாங்காமல் வானொலி இயக்குபவர்கள், கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு ரவுட்டரை வாங்கி, அதிலுள்ள மென்பொருளை மாற்றிக் கட்டுவது இந்த வகைதான். தமிழில் இதற்குக் கண்ணிப்பிணையம் என்ற சொல்லே பொருத்தம் என்பது என் முடிவு. அதற்கான காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

கொங்கு நாட்டுக்கு மெஷ் புதுச்சொல் இல்லை. கோயமுத்தூர் ஹார்டுவேர் கடையில் ‘வெல்டு மெஷ் ரெண்டு ரோல் குடுங்க’ என்றால் தோட்டத்து வேலிக்குக் கம்பிவலை எடுத்து வைப்பார்கள். ஜன்னலுக்குப் போடுவது கொசு மெஷ். திருப்பூரில் விளையாட்டுச் சட்டை தைக்கும் ஓட்டை ஓட்டையான துணிக்கும் மெஷ் என்றே பெயர். மணல் சலிக்கும் சல்லடைக்கு மெஷ் எண் உண்டு. 40 மெஷ் என்றால் ஓர் அங்குல நீளத்தில் 40 கண். அதனால் ஒரு ஹாம் ‘மொட்டை மாடியில் மெஷ் போட்டிருக்கிறேன்’ என்று சொன்னால், புறாவுக்கு வலை கட்டியிருக்கிறார் என்றே இங்கே எடுத்துக்கொள்வார்கள்.

அந்தச் சல்லடைக் கணக்கில் எண்ணுவது கண்களைத்தான், கம்பிகளை யாரும் எண்ணுவதில்லை. ஆங்கிலத்தில் மெஷ் என்ற சொல்லின் பழைய பொருளும் வலையின் கண்தான்: நூலுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். பிறகுதான் அது வலை முழுவதற்கும் ஆகிவந்தது. டச்சு, ஜெர்மன் மொழிகளில் அதற்கு உறவுச்சொற்கள் இருக்கின்றன. இன்னும் தள்ளிப்போனால் லிதுவேனிய மொழியில் அதே வேரிலிருந்து வந்த சொல்லுக்கு முடிச்சு என்று பொருள். ஆக, வேரில் முடிச்சு, வழக்கில் கண். பவானிசாகர் அணையில் மீன் பிடிப்பவர்களும் வலையைக் கண் வைத்தே பிரிப்பார்கள்: சின்னக் கண் வலை, பெரிய கண் வலை. இரு மொழிகளும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

பொறியியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் இன்னொரு வழியிலும் பழக்கம். மின்சுற்றுப் பாடத்தில் மெஷ் அனாலிசிஸ் வரும். தனக்குள் வேறு சுற்று எதையும் அடக்காத மூடிய சுற்றுக்கு அங்கே மெஷ் என்று பெயர். அதுவும் கண்தான்.

செய்தித் தொடர்புக்கு இந்த வடிவத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பால் பேரன். அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் இருந்தபோது 1964-இல் வெளியிட்ட அறிக்கையில் மூன்று படங்கள் போட்டார். முதலாவதில் எல்லாக் கோடும் ஒரே புள்ளிக்குப் போகும். இரண்டாவதில் பல மையங்கள். மூன்றாவது அசல் மீன்வலை. புள்ளிகளைப் போல மூன்று நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தாலே போதும், பாதிப் புள்ளிகள் அழிந்தாலும் மிச்சமுள்ளவை பேசிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அணுகுண்டுப் பயத்தில் போட்ட கணக்கு அது. மலைச்சரிவோ வெள்ளமோ வந்து கம்பிவடம் அறுந்த ஊருக்கும் அதே கணக்கு பொருந்தும் என்பதால்தான் ஹாம்களுக்கு இதில் ஈடுபாடு. 2009 நவம்பரில் நீலகிரியில் சரிவு மேல் சரிவாக விழுந்து சாலைகள் அடைபட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி ரவுட்டர். 2002 கடைசியில் லின்க்சிஸ் நிறுவனம் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமான பெட்டி, பின்னால் இரண்டு கொம்பு. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று தெரியவந்ததும், உரிம விதிப்படி அந்த மூலநிரலை 2003-இல் நிறுவனம் வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து கிளம்பியது ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. மென்பொருள். அமெரிக்காவில் டெக்சாஸ் ஹாம்கள் அதன் மேல் தங்கள் பிணையத்தைக் கட்டினார்கள். முதலில் எச்.எஸ்.எம்.எம். மெஷ், பிறகு பிராட்பேண்ட் ஹாம்நெட், அதிலிருந்து பிரிந்தது ஆர்டன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அவசரகாலத் தரவுப் பிணையம். அந்தப் பழைய பெட்டி ஹாம்களுக்கு இவ்வளவு பிடித்துப்போக ஓர் எளிய காரணமும் உண்டு: அது ஓடுவது 12 வோல்ட்டில். கரண்ட் போனால் வண்டி பேட்டரியில் மாட்டிவிடலாம்.

வீட்டில் இருக்கும் ரவுட்டரோடு செல்போன்கள் பேசும். இரண்டு செல்போன்கள் தமக்குள் பேச வேண்டுமென்றாலும் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஹாம் மென்பொருள் ஏறிய ரவுட்டருக்கு இந்தப் பெரியவர் சின்னவர் வித்தியாசம் இல்லை. எல்லாம் ஒரே அலைவரிசையில், ஒரே பெயரில் நின்று, ‘நான் இங்கே இருக்கிறேன், எனக்கு இன்னின்னார் கேட்கிறார்கள்’ என்று விட்டுவிட்டுக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓ.எல்.எஸ்.ஆர். என்ற வழிகாணும் முறையில் இது இயல்பாக 2 விநாடிக்கு ஒருமுறை. இந்தக் குரல்களை வைத்தே ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கொரு வரைபடம் போட்டுக்கொள்கிறது.

ஒரு கணக்கைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஊத்துக்குளியில் ஒன்று, சென்னிமலையில் ஒன்று, காங்கயத்தில் ஒன்று என மூன்று ரவுட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரவுட்டரின் நிலவரப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்துக் கருவிக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். அவர் குரல் எனக்கு எத்தனை சதவீதம் கேட்கிறது, என் குரல் அவருக்கு எத்தனை சதவீதம் கேட்கிறது. ஊத்துக்குளிக்கும் காங்கயத்துக்கும் நேரடியாக 90, 50 என்று இருந்தால், 0.9-ஐ 0.5-ஆல் பெருக்கி 0.45, ஒன்றை அதனால் வகுத்தால் 2.22. அதாவது ஒரு பொட்டலம், செய்தியின் ஒரு துண்டு, போய்ச் சேரச் சராசரியாக இரண்டே கால் தடவை அனுப்ப வேண்டியிருக்கும். சென்னிமலை வழியாக இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டால் 1 + 1 = 2. இரண்டுதான் குறைவு. ஆகவே ரவுட்டர் மலை ஏறி இறங்கும் வழியைத் தானே எடுத்துக்கொள்ளும். சென்னிமலைப் பெட்டியின் பேட்டரி தீர்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் நேர்வழிக்கு மாறிக்கொள்ளும். யாரும் போய் எதையும் திருப்பிவிட வேண்டியதில்லை. மெஷ் என்ற சொல்லின் முழுப்பொருளும் இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரே வானொலி உள்ள பெட்டி வாங்கவும் கொடுக்கவும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துவதால், ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

கொங்கு நாட்டு நிலம் இதற்கு ஒரு விதத்தில் வரம், ஒரு விதத்தில் சோதனை. காங்கயம், தாராபுரம் பக்கம் மேட்டாங்காடுகளுக்கு நடுவே சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர் மலை என்று ஒற்றை ஒற்றையாகக் குன்றுகள் நிற்கின்றன. ஒன்றிலிருந்து பார்த்தால் சுற்றுப்பட்டு ஊர்கள் பளிச்சென்று தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் போனால் தென்னந்தோப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், இலையிலுள்ள ஈரம் அதை உறிஞ்சிவிடும். இங்கே பலரும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 10 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் அலை ஓடும் குழலின் ஆரம் சுமார் 17.5 மீட்டர். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். அதாவது பார்வைக்கோட்டுக்குக் கீழே பத்துப் பதினோரு மீட்டர் வரைக்கும் தென்னை மட்டை எட்டக்கூடாது. எதிர் ஊர்த் தண்ணீர்த்தொட்டி தெளிவாகத் தெரிந்தும் இணைப்பு தள்ளாடினால், நடுவிலிருக்கும் தோப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுவது தனிக்கதை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ஹாம்களுக்கு 2390 முதல் 2450 மெகாஹெர்ட்ஸ் வரை தங்கள் பட்டை. வைஃபையின் முதல் ஆறு சேனல்கள் அதற்குள் விழுகின்றன. அதனால் வைஃபைக்கு உள்ள சக்தி வரம்பைத் தாண்ட அவர்களுக்கு வழி உண்டு. அந்தச் சலுகையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியாவில் 2005 அறிவிக்கையின்படி 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் வேண்டாம். ரவுட்டர் 1 வாட்டுக்குள், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து 4 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 24 டிபிஐ (ஆன்டெனாவின் பெருக்கத்தை அளக்கும் அலகு) கிரிட் ஆன்டெனா மாட்டினால் ரவுட்டரின் சக்தியைச் சுமார் 16 மில்லிவாட்டுக்குக் குறைத்தாக வேண்டும். ஹாம் உரிமத்தோடு கிடைக்கும் அடையாளமான அழைப்புக்குறியோடு இயக்கினால், செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பக் கூடாது. ஹாம் வானொலியில் எல்லாம் திறந்த மொழி, வியாபாரம் கிடையாது.

சொல் தெளிவாக இல்லாததால் வரும் குழப்பம் ஒன்று உண்டு. தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், ஒரு பெட்டி வைக்க இடம் கேட்டுப் போனால் முதல் கேள்வி இப்படித்தான் வரும்: ‘ஏந் தம்பி, இந்தப் பொட்டிய வெச்சா நெட்டு காசில்லாம வருமா?’ ‘வராதுங்க மாமா. நெட்டு யாராச்சும் ஒருத்தரு குடுத்தாத்தான் வரும். இது நம்ம ஊட்டுக்கும் அந்த ஊட்டுக்கும் நடுவால பேசிக்கறதுக்குங்க.’ மெஷ் வேறு, இணையம் வேறு. கடைகளில் ‘மெஷ் வைஃபை’ என்று இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. அவை பெரும்பாலும் ஒரு தலைமைப் பெட்டியைச் சுற்றித்தான் ஓடுகின்றன. தலைமைப் பெட்டிக்கு வரும் இணைய இணைப்பை வீடு முழுக்கப் பரப்புவதே வேலை. அதையும் மெஷ் என்பதில் தப்பில்லை, ஆனால் ஹாம்கள் சொல்லும் பொருளில் பாதிதான் அதில் இருக்கிறது.

தமிழ்ச்சொல்லுக்கு வருகிறேன். வலைப்பின்னல் என்று பலர் எழுதுகிறார்கள். அது நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஆளப்படுவதால் மெஷ்ஷைத் தனியே காட்டாது. பின்னல் பிணையம் என்பது அழகான சொல். திருப்பூர்ப் பின்னலாடையால் பின்னல் இங்கே உயிருள்ள சொல்லும்கூட. ஆனால் பின்னலாடைத் துணியில் நூல் வளையம் வளையமாக ஒன்றை ஒன்று பிடித்துத் தொங்குகிறது. ஒரு வளையம் அறுந்தால் கீழ்வரைக்கும் இழை பிரிந்து ஓடும். மீன்வலையில் அப்படி இல்லை. ஒவ்வொரு கண்ணின் மூலையிலும் தனி முடிச்சு. ஓர் இழை அறுந்தால் ஒரு கண் பெரிதாகும், சுற்றியுள்ள முடிச்சுகள் அசையாது. நம் பிணையம் இந்த இரண்டாவது வகை. பின்னல் என்று சொல்லிவிட்டால் அதன் குணமே தவறிப்போகும்.

கண்ணி என்ற சொல்லுக்கு முடிச்சு, சுருக்கு, சங்கிலியின் வளையம் எல்லாம் பொருள். தலையில் சூடும் மாலையும் கண்ணி; புறநானூற்றின் கடவுள் வாழ்த்து இந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. தாயுமானவரின் பராபரக்கண்ணியில் இரண்டடி இரண்டடியாகக் கோத்து வருவதும் கண்ணிதான். ஒன்றோடொன்று கட்டிக் கோத்தது என்பதே எல்லாவற்றுக்கும் பொது. கண்ணிவெடி நினைவுக்கு வருகிறதே, பறவைக்கு வைக்கும் கண்ணி நினைவுக்கு வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பிணையம் என்று சேர்த்துச் சொல்லும்போது அந்த நிழல் விலகிவிடுகிறது. கண்ணி வலை என்று எழுதினால் விலகாது, பொறிவலை போல ஒலிக்கும். அதனால் அதை விட்டுவிடலாம்.

கூடவரும் சொற்கள்: பிணையத்தில் ஒவ்வொரு கருவியும் ஆங்கிலத்தில் நோட், லத்தீனில் முடிச்சு என்று பொருள், தமிழில் கணு என்பது நிலைத்துவிட்டது. கரும்பும் மூங்கிலும் தெரிந்த ஊரில் அதற்கு விளக்கம் வேண்டாம். ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போவது தாவல். ரவுட்டருக்குத் திசைவி என்ற நல்ல சொல் இருக்கிறது. பேச்சில் ரவுட்டரே இருக்கட்டும். அமெச்சூர் என்பது பிரெஞ்சு வழி வந்த சொல், நேசிப்பவர் என்று பொருள். கூலி வாங்காமல் செய்வதால் தன்னார்வ வானொலியாளர் என்பது சரியாக இருக்கும். ஹாம் என்ற சொல் மட்டும் தந்திக்காரர்கள் கைப்பழக்கம் போதாதவர்களைக் கேலியாகச் சொன்னதில் தொடங்கியது. அந்தக் கேலியை ஏற்றுத் தங்கள் பெயராக்கிக்கொண்டவர்கள் அவர்களே, ஆகவே அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

எழுதும்போது ஒரே சொல்லாக, ப் ஒற்றோடு: கண்ணிப்பிணையம். ஒருமுறை முழுசாகச் சொல்லிவிட்டால் பிறகு கண்ணி என்று சுருக்கலாம். ‘ஊதியூர்க் கணு இன்னும் கண்ணியில் சேரவில்லை’, ‘தாராபுரத்துக்கு மூன்று தாவல்’, ‘இந்தக் கண்ணியில் இணையம் கிடையாது, பேச்சும் கோப்பும் மட்டும்’.