விரிசல் எங்கே பிறந்தது?

காலையில் என் மடிப்பு ஃபோனைத் திறந்தேன். மடிப்பு விழும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கருங்கோடு. முந்தின இரவு நன்றாகத்தான் இருந்தது. கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, யாரும் அதன்மேல் உட்காரவும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஜாப் ஷீட்டில் இரண்டு சொற்கள் எழுதித் திருப்பித் தந்தார்கள்: ‘ஃபிசிகல் டேமேஜ்’. வாரண்டி செல்லாது, டிஸ்ப்ளே மாற்ற முழுச் செலவும் என்னுடையது.

அடிபட்டு உடைந்த கண்ணாடிக்கும் மடிந்து மடிந்தே உடைந்த கண்ணாடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதா என்று அங்கேயே கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் முடியும். பெரும்பாலான நேரங்களில் விரிசலே அதைச் சொல்லிவிடும். அது எப்படி என்று தெரிய, முதலில் அந்தக் கண்ணாடி எப்படி மடிகிறது என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பொருளை வளைத்தாலும் வெளிப்புறம் நீளும், உட்புறம் சுருங்கும். எவ்வளவு நீளும்? தடிமனை, வளைவின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் விடை வந்துவிடும். ஃபோன் மடியும் இடத்தில் ஆரம் 1.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியை அந்த அளவுக்கு வளைத்தால் வெளிப்பரப்பு ஏறத்தாழ 17 சதவீதம் நீள வேண்டியிருக்கும். சாதாரணக் கண்ணாடி 1 சதவீதத்தைக்கூடத் தாங்காது. அதனால் கண்ணாடியை மெலிதாக்கினார்கள். 2020 பிப்ரவரியில் வந்த சாம்சங் கேலக்ஸி இசட் ஃபிளிப்பில் இருந்த கண்ணாடியின் தடிமன் சுமார் 30 மைக்ரான்தான், அதாவது 0.03 மில்லிமீட்டர், தலைமுடியில் பாதிகூட இல்லை. இப்போது அதே கணக்கைப் போட்டால் நீட்சி 1 சதவீதம்.

1 சதவீதம்தானே என்று தோன்றும். கண்ணாடிக்கு அது சின்ன விஷயம் இல்லை. சதுர சென்டிமீட்டருக்கு 7,000 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்கு ஈடான இழுவை அது. ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்த மெல்லிய தகடு இதைத் தாங்குகிறது. நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது.

தாங்குவதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் ஊறவைப்பார்கள். மேற்பரப்பில் உள்ள சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காரும். அதனால் மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்திலேயே இருக்கும். வெளியிலிருந்து வரும் இழுவை முதலில் இந்த அமுக்கத்தைக் கடக்க வேண்டும். இரண்டாவது ஏற்பாடு, பசை. திரை என்பது ஒரே தகடு இல்லை: மேலே பிளாஸ்டிக் படலம், அதன் கீழே கண்ணாடி, பிறகு படத்தைக் காட்டும் ஓஎல்இடி அடுக்கு, அடியில் உலோகத் தகடு. இவை எல்லாம் கெட்டியாக ஒட்டியிருந்தால் மொத்தமும் ஒரே தடித்த தகடுபோல நடந்துகொண்டு உடைந்துவிடும். அதனால் இடையில் மென்மையான பசை வைத்திருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி ஓரம் படிக்கட்டாகிவிடும். திரையின் அடுக்குகளும் அப்படித்தான் நூலிழை அளவுக்கு நழுவிக்கொள்கின்றன.

எல்லாம் சரி, அப்புறம் ஏன் உடைகிறது?

1921-இல் ஏ. ஏ. கிரிஃபித் என்ற பொறியாளர் இதற்கு அடிப்படையான பதிலைச் சொல்லிவிட்டார். கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பது அதில் ஏற்கெனவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான். இழுவை முழுவதும் கீறலின் கூர்முனையில் குவிகிறது. மடிப்பு ஃபோனின் கண்ணாடியில் அப்படிப்பட்ட கீறல்கள் அதிகம் இருக்க வாய்ப்புள்ள இடம் வெட்டப்பட்ட விளிம்பு. தொழிற்சாலையில் விளிம்பை எவ்வளவு மெருகேற்றினாலும் சில மிச்சமிருக்கலாம். அதிலும் மடிப்புக்கோடு விளிம்பைத் தொடும் இரண்டு முனைகளில் கீறலும் இழுவையும் ஒன்றுசேர்கின்றன.

இதோடு ஈரம் சேர்ந்துகொள்கிறது. காற்றிலுள்ள நீர் மூலக்கூறுகள் கீறலின் முனையில் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கின்றன. இழுவையில் இருக்கும் கண்ணாடியில் இது மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கும். மூடியபடி வைத்த ஃபோனின் கண்ணாடி இரவு முழுக்க இழுவையில்தான் இருக்கிறது. கீறல் ஒரு எல்லையைத் தாண்டியதும் நொடிக்கும் குறைவான நேரத்தில் முழு நீளத்துக்கும் ஓடிவிடும். அதனால் ‘ஒன்றுமே செய்யவில்லை, காலையில் பார்த்தால் உடைந்திருந்தது’ என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டக் கூடாது. கண்ணாடி அப்படி உடையக்கூடிய பொருள்தான்.

குளிரும் ஒரு காரணம். வெப்பநிலை இறங்க இறங்கப் பசை விறைக்கிறது, அடுக்குகள் நழுவ மறுக்கின்றன, கண்ணாடியின் மேல் விழும் சுமை கூடுகிறது. தூசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீல் வழியாக உள்ளே போன ஒரு மணல் துகள் திரைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டால், ஒவ்வொரு மடிப்பிலும் அந்தப் புள்ளியை அடியிலிருந்து குத்தும். 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டை விமர்சகர்களிடம் கொடுத்த சில நாட்களிலேயே சில திரைகள் பழுதாயின. சிலர் மேல் படலத்தை ஸ்க்ரீன் கார்டு என்று நினைத்து உரித்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் உரிக்காத ஃபோன்களும் பழுதாயின. நிறுவனம் வெளியீட்டைத் தள்ளிவைத்து, படலத்தின் ஓரத்தைத் திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்கு அடியில் நுழைத்து, கீலின் இரு முனைகளுக்கும் மூடி போட்டு, செப்டம்பரில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயன்படுத்துபவர் தப்பே செய்யாமலும் வடிவமைப்பால் திரை போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி விரிசலைப் படிப்பது. உடைந்த பரப்பைப் பார்த்துக் காரணம் சொல்லும் துறைக்கு ஃபிராக்டோகிராஃபி என்று பெயர். அதன் முதல் விதி, விரிசல் இழுவைக்குச் செங்குத்தாக ஓடும். மடிப்பால் வரும் இழுவை மடிப்புக்கோட்டுக்குக் குறுக்கே இருப்பதால், மடிந்து உடைந்த விரிசல் மடிப்புக்கோட்டோடு சேர்ந்தே போகும். அடிபட்ட விரிசல் வேறு மாதிரி இருக்கும். அடி விழுந்த புள்ளியிலிருந்து நட்சத்திரம்போலக் கதிர்கள் கிளம்பும், சில சமயம் அதைச் சுற்றி வட்டக் கோடுகளும் இருக்கும். இரண்டாவது விதி, விரிசல் கிளை பிரிந்தால் முன்னோக்கித்தான் பிரியும். கிளைகள் சேரும் தண்டின் திசையில் பின்னோக்கிப் போனால், அது பிறந்த இடத்துக்கு வந்து சேரலாம்.

நானும் அதைத்தான் செய்தேன். டார்ச்சை ஏறக்குறையத் திரையோடு படுக்கவைத்துச் சாய்வாக வெளிச்சம் அடித்து, லென்ஸ் வழியாகப் பார்த்தேன். பிளாஸ்டிக் படலத்தில் ஒரு குழிகூட இல்லை. அதன் அடியில் கண்ணாடியில் விரிசல் மெல்லிய வெள்ளி இழைபோல மடிப்பை ஒட்டியே ஓடியது. கீழ்ப்பக்கம் இரண்டு சின்னக் கிளைகள் இருந்தன, தண்டு மேல்நோக்கிப் போனது. கடைசியில் மேல் விளிம்பில், மடிப்புக்கோடு முடியும் இடத்திலேயே போய் நின்றது. சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நசுங்கல் இல்லை. மூலைகளையும் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் ஃபோன் மூலையில் விழுந்தால் அதிர்ச்சி சட்டம் வழியாகக் கண்ணாடிக்குப் போகும், திரையில் குழியே இருக்காது. அப்படி ஒரு நசுங்கல் இருந்திருந்தால் நான் வாதாடப் போயிருக்க மாட்டேன்.

மறுப்பை எதிர்த்து எழுதும்போது கோபத்தைக் கொட்டுவதால் பயனில்லை. நான் நான்கு கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினேன். அடி விழுந்த புள்ளி எது, அதன் படம் எங்கே? விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்த்தீர்களா? கீலைத் திறந்து துகள் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? வாரண்டி விதிகளில் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள்? கூடவே என் படங்களையும் இணைத்தேன். ‘ஃபிசிகல் டேமேஜ்’ என்ற சொல் உடைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, எதனால் உடைந்தது என்று சொல்லவில்லை என்பதையும் எழுதினேன். இரண்டாவது பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள், டிஸ்ப்ளேயைக் கட்டணமில்லாமல் மாற்றிக்கொடுத்தார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நடக்காவிட்டால் நுகர்வோர் அமைப்பை அணுகும்போதும் இதே கேள்விகளும் இதே படங்களும்தான் கைகொடுக்கும். வாரண்டி என்பது நிறுவனம் தானாகத் தரும் வாக்குறுதி. பழுதுள்ள பொருளுக்கு எதிராகச் சட்டம் தரும் உரிமை பல நாடுகளில் அதற்கு வெளியே தனியாக இருக்கிறது.

ஒன்றே ஒன்று, நேரம் முக்கியம். கோடு தெரிந்த அன்றே படம் எடுங்கள், அதன் பிறகு ஃபோனை மடிக்காதீர்கள். ஓஎல்இடி அடுக்கைக் காக்கும் மெல்லிய உறையும் கிழிந்திருந்தால் ஈரம் உள்ளே போய்க் கருந்திட்டு நாளுக்கு நாள் பரவும். மீண்டும் மடிக்க மடிக்கப் புதிய விரிசல்கள் பழையதின் மேல் ஏறி, தொடங்கிய இடத்தை மறைத்துவிடும். வேறு வழியில்லாமல் காசு கொடுத்து மாற்ற நேர்ந்தால், பழைய டிஸ்ப்ளேயைத் திருப்பித் தர வேண்டும் என்று ஜாப் ஷீட்டில் முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். அது குப்பைக்குப் போய்விட்டால், எங்கே உடைந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.