எடைக்குப் போடுமுன் ஒரு தடவை கொண்டுவாருங்கள்

காரைக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2025 அக்டோபருக்குப் பிறகு சிபியுவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "விண்டோஸ் பத்து செத்துப்போச்சாமே, புதுசு வாங்கணுமா?"

சாகவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பெட்டி எப்போதும்போல ஓடும். இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் வராது. வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷத் தவணை உண்டு. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாமே என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். 2017-க்கு முன்னால் வாங்கியது பெரும்பாலும் தேறாது.

தேறாது என்று சொன்ன அடுத்த நிமிஷம், "அப்ப எடைக்குப் போட்டுடவா?"

இந்த ஊரில் எடைக்குப் போன சாமான்கள் என்ன ஆயின என்று முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை போய்வந்தால் தெரியும். அடைசல் என்று தூக்கிப்போட்ட மரவையும், எனாமல் தூக்கும், தேக்கு நிலையும் அங்கே விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர் அப்படி விலை ஏறப்போவதில்லை, அது வேறு. ஆனால் அதை வைத்து இன்னும் நாலைந்து வருஷம் வேலை வாங்கலாம். அதற்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற வேறு ஓ.எஸ். (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட வேண்டும். அதைச் சொன்னால்தான் முகம் மாறுகிறது. "அது ஹேக்கர்ங்க போடுறதுல்ல?"

இந்தப் பேச்சு ஊரில் பரவியதற்கு என்னைப் போன்ற கடைக்காரர்களும் காரணம். பல வருஷம் நானும் உரிமம் இல்லாத கிராக் விண்டோஸ்தான் போட்டுக் கொடுத்தேன். வாடிக்கையாளர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பென்டிரைவைச் செருகு, விண்டோஸைப் போடு, ஆன்டிவைரஸை அணை, ஆக்டிவேட்டரை ஓட்டு, முந்நூறு ரூபாய் வாங்கு. அந்த மூன்றாவது படியைக் கவனியுங்கள். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுத்தான் கள்ளச்சாவியையே போடுவோம். அந்த ஆக்டிவேட்டருக்குள் வேறு என்ன இருந்தது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஒரு நாள் பலகாரக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். தேன்குழலும் மனகோலமும் வெளியூருக்கு அனுப்புகிற கடை. போய்ப் பார்த்தால் பில், ஆர்டர் பட்டியல், சரக்கு வாங்கிய கணக்கு என்று ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் புதிதாக ஒரு வால். டெஸ்க்டாப்பில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு: இத்தனை டாலரை பிட்காயினாகக் கட்டு. ரேன்சம்வேர். பேக்கப் என்று இருந்தது மூன்று மாதம் பழைய ஒரு பென்டிரைவ். தீபாவளிக்கு இருபது நாள். அவர் என்னைத் திட்டவில்லை, "ஏன் தம்பி இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெட்டிக்கு ஓ.எஸ். போட்டது நான். ஆக்டிவேட்டர் வழியாகத்தான் வந்தது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அன்றோடு கிராக் போடுவதை விட்டுவிட்டேன். வருமானத்தில் ஒரு துண்டு விழுந்தது உண்மை.

லினக்ஸ் பற்றி ரொம்பத் தொழில்நுட்பமாகப் போக வேண்டாம். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கெர்னல், அதாவது ஓ.எஸ்.ஸின் உள்மையம், அது. அதைச் சுற்றி ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய ஜி.என்.யு. என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் நிரல்களும் இன்னும் பலருடையதும் சேர்ந்து முழு ஓ.எஸ். ஆயிற்று. உரிமம் எப்படி என்றால், நம் பக்கத்துப் பெரிய வீடு மாதிரி என்று சொல்வேன். பத்துப் பங்காளிக்கும் பொது. யார் வேண்டுமானாலும் ஓடுகளை மாற்றலாம், சுவரைப் பூசலாம். மாற்றியதை வெளியே கொடுத்தால் எப்படி மாற்றினாய் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பங்காளிச் சண்டையும் உண்டு. ஒத்துவராவிட்டால் முழு வீட்டையும் நகலெடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடலாம், இங்கேதான் நம் வீடுகளைவிட அது வசதி. லினக்ஸ் வகைகளில் 1993-இல் டெபியன், அதிலிருந்து 2004-இல் உபுண்டு, அதிலிருந்து 2006-இல் மின்ட் என்று மூன்று தலைமுறை. நான் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் பேரனைத்தான். விண்டோஸ் பார்த்த கண்ணுக்கு மின்ட் அந்நியமாக இருக்காது.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். முகப்பில் 2012-இல் வாங்கிய பெட்டி, ஐ-3 ப்ராசஸர், நாலு ஜி.பி. ராம். சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் காபி கலந்து எடுத்துவந்தால் அப்போதுதான் திரை வரும். அதில் அவருக்கு இரண்டு வேலை: வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேசுவது, அவர்கள் கோயில் புள்ளிக் கணக்கை (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பட்டியல்) வைத்துக்கொள்வது. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அதைவிட வேகமான 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாட்டி, மின்ட் போட்டேன். இப்போது அரை நிமிஷத்துக்குள் திரை வந்துவிடுகிறது. உண்மையைச் சொன்னால் அந்த வேகத்தில் பெரும்பங்கு எஸ்.எஸ்.டி.யுடையது. லினக்ஸ் போட்டதால் மட்டும் பழைய பெட்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீடியோ பேச்சு பிரவுசரிலேயே கூகுள் மீட்டில் முடிந்தது. புள்ளிக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டோம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்த பட்டியல். மின்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் (எம்.எஸ். ஆபீஸ் மாதிரி) திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தது. இது லினக்ஸின் குற்றம் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸிலும் இதே கதைதான். எங்கும் செல்லுபடியாகும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றும் கருவியில் போட்டேன். கொம்புகள் சில இடத்தில் ஒரு எழுத்து தள்ளி நின்றன. ஆச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இது மெய்யம்மை, அது தெய்வானை, இவுக போய் ஆறு வருஷமாச்சு, எடுத்துடுங்க" என்று ஒவ்வொரு வரியாகத் திருத்தச் சொன்னார். ஒரு மத்தியானம் முழுதும் போயிற்று. இனி அந்தப் பட்டியல் எந்த ஓ.எஸ்.ஸிலும், பேரனின் போனிலும்கூடத் தமிழாகவே திறக்கும்.

கூலி சொல்லும்போது ஆச்சி கேட்டார். "இந்த ஓ.எஸ்.ஸுக்கு எவ்வளவு?"

"அதுக்குக் காசு இல்லை ஆச்சி. எஸ்.எஸ்.டி.க்கும் என் கூலிக்கும்தான்."

"சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கிறான்?"

வட்டிக்கணக்கு பார்த்த வீட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சும்மா கொடுக்கவில்லை என்றேன். கெர்னலை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுடைய சர்வர்கள் அதில்தான் ஓடுகின்றன. அந்த ரெட் ஹாட்டை 2019-இல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. நீங்கள் வீட்டில் போட்டுக்கொள்வதால் அவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பக் கணக்கு வேற பேரேட்டுல நிக்குது, சரி" என்றார். இதைவிட நன்றாக நான் விளக்கியதில்லை.

இத்தனை இருந்தும் மேசையில் ஏன் இது புழங்கவில்லை? உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான். நம் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அதே கெர்னல். ஆனால் இணையப் பயன்பாட்டை அளக்கும் ஸ்டேட்கவுன்ட்டர் கணக்குப்படி, டெஸ்க்டாப்பில் லினக்ஸ் உலக அளவில் நாலு சதவீதத்தைத் தாண்டியதே 2024 பிப்ரவரியில்தான். என் அனுபவத்தில் காரணம் எளிது: வாங்கும்போது உள்ளே எது இருக்கிறதோ, கெட்டுப்போனால் பக்கத்துக் கடைக்காரனுக்கு எது தெரியுமோ, அதுதான் புழங்கும். தரத்துக்கு அங்கே வேலை குறைவு.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. என் கடைக்கு வந்த பிள்ளைகள் முதலில் கேட்டது, "அண்ணே, அந்த இன்னொன்னை எடுத்துடுங்க, இடம் அடைக்குது." எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் அதை ஒருவரும் அவர்களுக்குத் திறந்துகாட்டவில்லை. கேரளத்து அரசுப் பள்ளிகளில் ஐ.டி. பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே பெட்டியை மட்டும் கொடுத்தோம்.

எல்லோருக்கும் போட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். டேலியில் கணக்கு வைப்பவர், போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்காரர், கைரேகைக் கருவியோடு சேவை மையம் நடத்துபவர், இவர்களை விண்டோஸிலேயே இருங்கள், ஆனால் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவேன். டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. குறுக்குவழியில் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு, வருமானவரி கட்டும் கடைசி நாளில் அது மக்கர் செய்தால் வாடிக்கையாளர் என் வாசலில்தான் நிற்பார். பிரிண்டரும் அப்படியே. ஹெச்.பி. மாடல்களில் பெரும்பாலானவை செருகியதும் எடுத்துக்கொள்ளும். ஜெராக்ஸ் கடைகளில் பரவலாக இருக்கும் ஒரு சின்ன லேசர் பிரிண்டரோடு நான் இரண்டு ராத்திரி மல்லுக்கட்டித் தோற்றிருக்கிறேன்.

"லினக்ஸ்னா வைரஸே வராதாமே" என்பதும் பாதி உண்மைதான். குறைவு. போலி வங்கிப் பக்கத்தில் நீங்களே போய் ஓ.டி.பி.யைத் தட்டினால் எந்த ஓ.எஸ்.ஸும் காப்பாற்றாது. 2024 மார்ச்சில் லினக்ஸோடு சேர்ந்து வரும் எக்ஸ்.இசட். என்ற சின்ன நிரலுக்குள் ஒருவர் கள்ளக்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. வருஷக்கணக்கில் நல்லபிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்துவிட்டு வைத்த கதவு. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று நோண்டப்போய்ப் பிடித்தார். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்ட்டில். மூல நிரல் திறந்து கிடந்ததால்தான் அவரால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது.

வீட்டிலேயே முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு: முதலில் ஃபைல்களை வெளி டிஸ்கில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டொன்றைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். காப்பி ஆகிவிட்டது என்று திரை சொன்னால் போதாது. மின்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, எட்டு ஜி.பி. பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்யலாம். டிஸ்கைத் தொடாமலே ஓடும். அப்படி ஓடும்போதே சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். நான்கும் சரியாக இருந்தால் மட்டும் இன்ஸ்டால் பொத்தானை அழுத்துங்கள். அதிலும் "டிஸ்கை முழுதும் அழி" என்ற தேர்வு கண்ணில் பட்டால் கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டு இன்னொரு தடவை படியுங்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் அழுத்திவிட்டு அழுதுகொண்டு வந்தவர்கள் மூன்று பேர்.

பலகாரக் கடையில் இப்போது உரிமம் உள்ள விண்டோஸ், அதில் டேலி மட்டும். மெயில், ஆர்டர், வாட்ஸ்அப் எல்லாம் பக்கத்திலிருக்கும் பழைய பெட்டியில் மின்டில். ராத்திரி கடை சாத்துமுன் வெளி டிஸ்கைச் செருகி பேக்கப் எடுத்து, அதைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார்.

என் கடைக்கே கொண்டுவருவதானால், வண்டியில் சிபியுவை நிறுத்திவைக்காமல் படுக்கப்போட்டுக் கொண்டுவாருங்கள். மானிட்டரும் கேபிளும் வேண்டாம், இருக்கிறது. பிரிண்டரையும் பாஸ்வேர்டு எழுதிவைத்த நோட்டையும் மறந்துவிடாதீர்கள்.