முன்தோல் இறுகிவிட்டதா? கத்திக்கு முன் சர்க்கரையைப் பாருங்கள்

கடலூரில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருப்பதால், ஆண்கள் மனைவியிடம்கூடச் சொல்லத் தயங்கும் விஷயங்கள் என் அறைக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் அடிக்கடி வருவது ஆணுறுப்பின் முன்தோல் இறுக்கம். பெரும்பாலானவர்கள் முடிவெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். "சார், சுன்னத் பண்ணிடுங்க, என்ன ஆகும்?" என்பதே முதல் வாக்கியம். ஏன் இறுகியது என்று யாரும் கேட்பதில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் எந்தத் தொந்தரவும் தராத தோல், நாற்பது நாற்பத்தைந்து வயதில் பின்னால் வர மறுத்தால், அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தே தீரும். நம் ஊரில் அந்தக் காரணம் பெரும்பாலும் சர்க்கரை நோய். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்க ஆரம்பிக்கும். சிறுநீர் கழித்தபின் தோலுக்கடியில் ஒன்றிரண்டு சொட்டு தங்கும். கடலோரப் புழுக்கம், வியர்வை, அதோடு இந்தச் சர்க்கரையும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? முதலில் அரிப்பு, சிவப்பு, வெள்ளைப் படிவு. பிறகு தோலின் விளிம்பில் வரிவரியாகச் சின்ன வெடிப்புகள். ஒவ்வொரு வெடிப்பும் ஆறும்போது துளி வடுவை விட்டுப்போகும். வடுக்கள் சேரச் சேர, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல் வாய் குறுகும். வாய் குறுகினால் உள்ளே கழுவ முடியாது, இன்னும் சிறுநீர் தங்கும், இன்னும் பூஞ்சை வளரும்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். வேறோர் இடத்தில் 'ஸ்டேப்ளர்' முறையில் நீக்கிவிடலாம் என்று தேதியே குறித்துக் கொடுத்திருந்தார்கள். அவர் அதுவரை சர்க்கரை பார்த்ததே இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் 340. தோலில் வெடிப்பு இருந்தது. கெட்டியான வடு இன்னும் விழவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கி, பூஞ்சைக்குக் களிம்பு கொடுத்தோம். மனைவிக்கும் அரிப்பு இருக்கிறதா என்று கேட்டபோது, "அத எப்படி சார் கேக்கறது" என்றார். கேட்டுப் பார்த்தார், இருந்தது. இருவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்ததில் சில வாரங்களில் தோல் தாராளமாகப் பின்னால் வந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. தோலை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால் அந்த 340 அப்படியே உள்ளே இருந்து, கண்ணையும் சிறுநீரகத்தையும் அரித்துக்கொண்டிருக்கும்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால், அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது இவற்றின் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கழித்ததும் தண்ணீரில் கழுவித் துடைப்பது இவர்களுக்குக் கட்டாயம்.

பூஞ்சை அடங்கிய பிறகும் இறுக்கம் மிச்சமிருந்து, வடு அதிகம் இல்லையென்றால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை இறுகிய வளையத்தில் நான்கு முதல் எட்டு வாரம் தடவினால் தோல் இளகும். இதை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். மெடிக்கலில் கேட்டதும் கிடைக்கும், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் 'மூன்றும் கலந்த' களிம்புகளை மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து, பூஞ்சையும் பிடிவாதமாகிப்போய் வருகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். இளகட்டும் என்று பலம்போட்டு இழுக்கவும் கூடாது. கிழிந்தால் அங்கே புது வடு.

அப்படியானால் யாருக்கு ஆபரேஷன் உண்மையில் தேவை? தோலின் வாய் வெள்ளையாக, கெட்டியாக, வளையாத வடுவாகிவிட்டவருக்கு. சர்க்கரை கட்டுக்குள் வந்தும் தொற்று திரும்பத் திரும்ப வருபவருக்கு. பின்னால் போன தோல் ஒரு முறைக்கு மேல் மாட்டிக்கொண்டவருக்கு. இன்னொன்று, லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல் நோய். பீங்கான் வெண்மையில் தோல் தடித்துப்போகும். சிறுநீர்த் துவாரம்வரை பரவி, சிறுநீர் நூலாகவோ பிரிந்தோ வரும். ஆரம்பத்தில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு உதவும், முற்றினால் தோலை நீக்குவதே சரி. இவர்களிடம் "இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்" என்று நான் சொல்வதில்லை. தள்ளிப்போட்டால் சிறுநீர்க் குழாயும் சுருங்கும்.

தோல் நீளமாக இருக்கிறது, கல்யாணம் வருகிறது, விந்து சீக்கிரம் வெளியேறுகிறது... இவை எதுவும் மருத்துவக் காரணமே அல்ல. முன்தோலை மொட்டோடு இணைக்கும் அடிப்பக்க நாண் மட்டும் குட்டையாக இருந்து உறவின்போது கிழிந்தால், அதைச் சரிசெய்ய முழுத்தோலையும் எடுக்காத சிறிய சிகிச்சை உண்டு. சுன்னத் செய்தால் எச்.ஐ.வி. வராதா என்றும் கேட்கிறார்கள். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, அந்நோய் மிகப் பரவலாக உள்ள நாடுகளுக்கு. பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது என்றாலும் ஆணுறைக்கு அது மாற்று இல்லை. மத வழக்கப்படி செய்துகொள்வது தனி விஷயம். அதற்கு மருத்துவக் காரணம் தேவையில்லை, சுத்தமான ஆபரேஷன் தியேட்டர் தேவை.

அவசரமாக ஓடிவர வேண்டிய நிலை ஒன்று உண்டு: பின்னால் இழுத்த தோல் முன்னால் திரும்பாமல் மாட்டி, மொட்டு வீங்குவது. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைபட்டுத் திசு அழுகிவிடும். அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோ, நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கோ மாமனாருக்கோ சிறுநீர் டியூப் போட்டிருந்தால், சுத்தம் செய்தபின் தோலை மறக்காமல் முன்னால் இழுத்துவிடுங்கள். இந்த ஒரு மறதியால் வருகிறவர்கள் அநேகம்.

ஆபரேஷன் என்று முடிவானால், எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-க்குக் கீழே வரும்வரை பொறுக்கச் சொல்வது என் வழக்கம். சர்க்கரை ஏறியிருந்தால் தையல் பிரியும், புண் சீழ் பிடிக்கும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நான்கிலிருந்து ஆறு வாரம் உறவு கூடாது.

பின்னால் வராத தோலுக்கடியில் கட்டி தட்டுப்பட்டாலோ, ஆறாத புண், ரத்தம், நாற்றம் இருந்தாலோ, களிம்பு பூசிக்கொண்டு வாரங்களை ஓட்டாதீர்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம். புகை பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நோய்க்காக நீக்கிய தோலைக் குப்பையில் போட விடாமல், "பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பினீங்களா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். முடிவு வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். புண் ஆறிவிட்டது என்று வராமல் இருந்துவிடாமல், அந்தத் தாளைக் கையில் வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரை விளக்கச் சொல்லுங்கள்.