மேக்: மகனா, குடியா, குடும்பப் பெயரா?

மேக்டொனால்ட், மேக்கின்டயர், மேக்கிரெகர் என்று ஸ்காட்லாந்துப் பெயர்களின் முன்னால் வரும் 'மேக்' என்பதற்கு மகன் என்று பொருள். அது ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்கின் சொல். ஒலி ஒத்துப்போகிறதே என்று தமிழ் 'மகன்' உடன் முடிச்சுப் போட ஆசை வரும். போடக் கூடாது. கேலிக், இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டிக் கிளையைச் சேர்ந்தது. அயர்லாந்தில் ஓகம் என்ற பழைய எழுத்தில் பொறித்த கல்வெட்டுகளில் இதே சொல் வேறொரு பழைய ஒலியோடு கிடைக்கிறது. அந்த ஒலி வேல்ஸ் மொழியில் பகரமாகி 'மாப்' ஆனது, பிறகு 'ஆப்' என்று சுருங்கியது. 'ஆப் ரீஸ்', அதாவது ரீஸின் மகன், நாளடைவில் 'பிரைஸ்' என்று ஒட்டிக்கொண்டது.

மேக்கின்டயர் என்றால் தச்சன் மகன். மேக்டாகர்ட் பாதிரியாரின் மகன். பெண்களுக்குக் கேலிக் மொழியில் 'மேக்' வராது, 'நிக்' வரும். ஆங்கிலப் பதிவேடுகளில் ஏறியபோதுதான் மகள்களும் 'மேக்' ஆனார்கள். Mc என்று சுருக்கி எழுதினால் அயர்லாந்துப் பெயர், Mac என்று விரித்து எழுதினால் ஸ்காட்லாந்துப் பெயர் என்று பலர் சொல்வது தவறு. இரண்டும் ஒன்றேதான், எழுதியவர் கைப்பழக்கம்தான் வேறு.

முதலில் இது தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. தந்தை பெயர் எதுவோ அதுதான் 'மேக்'குக்கு அடுத்து வரும். அப்புறம் ஒரு முன்னோரின் பெயர் நிலைத்து, அவர் வழியினர் எல்லாருக்கும் பொதுவானது. அந்தக் கூட்டத்தை 'கிளான்' என்பார்கள். கேலிக் மொழியில் இதற்குப் 'பிள்ளைகள்' என்று பொருள்; நாற்று, கன்று என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கிளானில் இருந்தவர்கள் எல்லாரும் ரத்த உறவினர் அல்லர். தலைவனின் நிலத்தில் வாழ்ந்து, அவன் பாதுகாப்பில் இருந்தவர்களும் அவன் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

பெயரை எடுத்துக்கொள்ள முடியும் என்றால் பறிக்கவும் முடியும். கிளென் ஃபுரூயின் என்ற பள்ளத்தாக்கில் நடந்த சண்டைக்குப் பிறகு, 1603இல் மன்னர் ஆறாம் ஜேம்ஸின் அரசு மேக்கிரெகர் என்ற பெயரையே தடை செய்தது. அதை வைத்திருந்தால் மரண தண்டனை. 1661இல் தடை நீங்கியது, 1693இல் மறுபடி வந்தது, 1774இல்தான் முற்றாகப் போனது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் கேம்பெல், டிரம்மண்ட், முர்ரே, கிரஹாம் என்றெல்லாம் வாழ்ந்தார்கள். மேக்கிரெகர் கிளானில் பிறந்த புகழ்பெற்ற வீரர் ராப் ராய்கூடத் தாய்வழிப் பெயரான கேம்பெல்லை எடுத்துக்கொண்டார். தடை போன பிறகும் எல்லாரும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை. அதனால் ஸ்காட்லாந்துக் குடும்ப வரலாற்றைத் தேடுபவர்கள் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு போனால் பாதியிலேயே வழி தவறிவிடும்.

'கிரெக்' என்பது கிரெகரி என்ற பெயரின் ஸ்காட்லாந்து வடிவம். மேக்கிரெகர் கிளானோடு இதைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலிருந்து அலெக்சாண்டர் கிரெக் என்பவர் 1770 வாக்கில் நார்வேயின் பெர்கன் நகரில் குடியேறி, கருவாடும் சிங்கிறாலும் ஏற்றுமதி செய்தார். அந்த நாட்டு வாய்க்கு ஏற்ப, பெயரின் நடுவிலிருந்த இரண்டு உயிரெழுத்துகள் இடம் மாறின. 'கிரெக்' (Greig) 'கிரிக்' (Grieg) ஆனது. அவர் மகன் ஜான், பேரன் இன்னொரு அலெக்சாண்டர். கொள்ளுப்பேரன்தான் 1843இல் பிறந்த எட்வர்ட் கிரிக். நார்வே தன் தேசிய இசையின் குரலாகவே கொண்டாடும் இசையமைப்பாளரின் பெயர் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, இதையெல்லாம் தமிழில் எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் 'சர்நேம்' என்றோ 'குடும்பப் பெயர்' என்றோ எழுதிவிடுகிறோம். வேறுபாடு தெரிய எழுதுவதே நல்லது. ஐஸ்லாந்தில் இன்றும் இருப்பதுபோல் தலைமுறைதோறும் தந்தை பெயரை ஒட்டி மாறுவது 'தந்தைவழிப் பெயர்'. நம் முன்னெழுத்தும் இந்த வகைதான். சங்கப் புலவர் மருதன் இளநாகனாரின் 'மருதன்' என்பதையும் தந்தையின் பெயராகவே கொள்வார்கள். மேக்கிரெகர் போல ஒரு கூட்டம் முழுவதற்கும் உரியதை நான் 'குடிப்பெயர்' என்பேன். கிளானுக்குக் 'குலம்' என்றும் எழுதுகிறார்கள், ஆனால் அது பிறப்பை மட்டுமே சுட்டும். 'குடி' என்றால் வழிமரபும் உண்டு, தலைவனைச் சார்ந்து வாழ்பவர்களும் உண்டு. 'கிரிக்' போல ஒரு வீட்டார் மாற்றாமல் கைமாற்றித் தருவதற்குத்தான் 'குடும்பப் பெயர்' பொருந்தும். 'மேக்'கை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். மேக்டொனால்டை 'டொனால்டின் மகன்' என்று எழுதினால், அவருடைய அப்பா பெயர் டொனால்ட் என்று படிப்பவர் நம்பிவிடுவார்.