கீகேப்பை ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள்

நேற்று மாலை தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். கையில் ஒல்லியான குட்டி மெக்கானிக்கல் கீபோர்டு, சட்டைப் பையில் மடித்த டிஷ்யூ பேப்பர். பிரித்தால் உள்ளே எச் கீயின் கீகேப், அதாவது விரல் படும் மேல் மூடி.

"தூசி தட்டலாம்னு கழற்றினேன் அண்ணா. திரும்பப் போட்டா நிக்க மாட்டேங்குது."

திருப்பிப் பார்த்தேன். அடியில் இரண்டு கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மற்றொன்று ஒடிந்து, கீகேப்புக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் இது நான்காவது. பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு பேரும் சொன்னது ஒன்றேதான்: "மெக்கானிக்கல் கீபோர்டுன்னா எல்லாம் ஒண்ணுதானே? வீடியோல இப்படித்தான் ஆட்டி எடுத்தாங்க." இல்லை ஐயா, ஒன்று இல்லை. நீங்கள் பார்த்த வீடியோ தடிமனான கீபோர்டுக்கு எடுத்தது. அதில் இருப்பது செர்ரி எம்எக்ஸ் வகை ஸ்விட்ச். ஸ்விட்சின் தலையில் கூட்டல் குறி போல ஒரு முளை, கீகேப்பின் அடியில் அதற்கேற்ற குழி. குழியைச் சுற்றி நல்ல கனமான பிளாஸ்டிக். கொஞ்சம் ஆட்டி எடுத்தாலும் தாங்கிக்கொள்ளும்.

ஒல்லிக் கீபோர்டுகள் பலவற்றில் இருப்பது கெய்ல் நிறுவனத்தின் சாக் ஸ்விட்ச். அதன் முதல் வகையில் எல்லாமே தலைகீழ். ஸ்விட்சில் இரண்டு சின்னப் பொந்து, கீகேப்பின் அடியில் இரண்டு மெல்லிய கால். அழுத்தினால் எம்எக்ஸ் 4 மி.மீ. இறங்கும் என்றால் இது 3 மி.மீ.தான். உயரத்தைக் குறைக்க எல்லாவற்றையும் இளைக்க வைத்திருக்கிறார்கள், அந்தக் கால்களையும் சேர்த்து. பக்கவாட்டில் ஆட்டினால் ஒடியாமல் என்ன செய்யும்?

"அஞ்சு கோடி தடவை தாங்கும்னு போட்டிருக்கே" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அந்த ஐந்து கோடி, விரலால் கீழே அழுத்துவதற்கான கணக்கு. பிடுங்குவதற்கு யாரும் கணக்குப் போடவில்லை.

கழற்றியே ஆக வேண்டுமா? கம்பி புல்லர், அதாவது இரண்டு கம்பியால் கீகேப்பைக் கவ்வி இழுக்கும் கருவி, வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வளைய புல்லர் வேண்டாம், வெண்ணெய்க் கத்தி வேண்டவே வேண்டாம். இரண்டு கம்பியும் எதிரெதிர் ஓரத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருகாமல், சாய்க்காமல், நேர் மேலே இழுங்கள். போடும்போது இரண்டு காலும் பொந்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். ஸ்பேஸ் பாரைத் தொடாதீர்கள். வெறும் தூசிதான் என்றால் ஒரு பிரஷ் போதும், எதையும் கழற்றத் தேவையே இல்லை.

சரி, உடைந்துவிட்டது. புது கீகேப் செட் ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் ஸ்விட்சின் தலையைப் பாருங்கள். இரட்டைப் பொந்து என்றால் எம்எக்ஸ் செட் ஏறவே ஏறாது. சாக் இரண்டாம் வகையில் கூட்டல் குறி இருக்கிறது, எம்எக்ஸ் கீகேப் ஏறும். ஆனால் ஓரம் கீழே இடித்து, கீ முழுதாக இறங்காமல் போகலாம். இன்னொன்று, வழக்கமான கீபோர்டில் கீக்கு கீ இடைவெளி 19.05 மி.மீ. சாக்குக்கென்றே நெருக்கி வடிவமைத்த போர்டுகளில் பக்கவாட்டில் 18, மேல்கீழாக 17 மி.மீ. அதில் பெரிய கீகேப்பைப் போட்டால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் முட்டிக்கொண்டு நிற்கும்.

சூப்பர் குளூ? கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஒரு சொட்டு உள்ளே இறங்கினால் ஸ்விட்சே போச்சு.

காபி கொட்டினால் முதலில் ஒயரைப் பிடுங்குங்கள், ஒயர்லெஸ் என்றால் கீபோர்டை ஆஃப் செய்யுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. அரிசி மூட்டையில் புதைக்காமல் நேரே கொண்டு வாருங்கள். அரிசிக்குச் சர்க்கரையை எடுக்கத் தெரியாது.

தம்பி கதைக்கு வருகிறேன். ஊசி முனையைச் சூடாக்கி, மாட்டியிருந்த காலில் லேசாகக் குத்தி, ஆறவிட்டு இழுத்தேன். மூன்றாவது முறைதான் வந்தது. (இதை வீட்டில் முயன்றால் ஸ்விட்சையும் சேர்த்து உருக்குவீர்கள்.) ஸ்விட்ச் பிழைத்தது, கீகேப் பிழைக்கவில்லை. அவர் தமிழில் டைப் செய்கிறவர். 1999ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் எச்தான் 'க'. கணக்கு, கடிதம், காசு எதுவும் அது இல்லாமல் நகராது. நல்லவேளையாக அவருடைய கீபோர்டில் எல்லா வரிசைக்கும் ஒரே வடிவ கீகேப். இசட்டைக் கழற்றி எச் இடத்தில் மாட்டினேன். தமிழ்99ல் இசட் என்பது 'ஔ', எப்போதாவதுதான் வேலை.

"ஔவையாரைப் பத்தி டைப் பண்ணணும்னா என்ன பண்றது அண்ணா?" என்றார்.

மொட்டை ஸ்விட்சை அழுத்தினாலும் எழுத்து வரும் என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.