"எனக்கு இதெல்லாம் வராதுங்க" என்று சொல்ல வைக்கும் திரைகள்

செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் இடைமுகம் வடிவமைப்பது என் தொழில். பேருந்துப் பயணச்சீட்டு முன்பதிவுக்கான ஒரு செயலியின் தமிழ்ப் பதிப்பைச் சோதிப்பதற்காக, ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மாவின் அருகில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். பதிவான சீட்டு ஒன்றை ரத்து செய்யும்படி கேட்டுக்கொண்டேன். அவர் நிதானமாகத் தேடி, உரிய இடத்தைக் கண்டுபிடித்துத் தொட்டார். "முன்பதிவை ரத்து செய்யவா?" என்று ஒரு பெட்டி தோன்றியது, அதன் அடியில் "ரத்து", "சரி" என இரண்டு பொத்தான்கள். அவர் "ரத்து" என்பதைத் தொட்டார், பெட்டி மறைந்தது. "ஆயிடுச்சுங்க தம்பி" என்று கைப்பேசியை நீட்டினார். சீட்டு ரத்தாகியிருக்கவில்லை. அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கு இதெல்லாம் வராதுங்க தம்பி, படிச்சவங்களுக்குத்தான் சரிப்படும்" என்றார்.

அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. ரத்து செய்யச் சொன்னோம், ரத்து என்று எழுதியிருந்ததைத் தொட்டார். கணினித் திரைகளில் 'கேன்சல்' என்ற சொல் 'இந்தப் பெட்டியை மூடிவிடு' என்ற பொருளில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதை அப்படியே தமிழாக்கி, ரத்து செய்வதைப் பற்றிய கேள்விக்குக் கீழேயே வைத்தவர்கள் நாங்கள். ஆங்கிலப் பதிப்பிலும் இதே குழப்பம் உண்டு. பழகியவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்ப்பவருக்கும் என்ன நடக்கப்போகிறது என்பது விளங்க வேண்டும். எனவே அவற்றை "ஆம், ரத்து செய்", "வேண்டாம், சீட்டு இருக்கட்டும்" என்று மாற்றினோம்.

கருவியின் குறையைக் கையாள்பவர் தலையில் கட்டுவது கணினிக்கும் முந்திய வழக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், விமானிகள் இறக்கையின் மடக்குத் தகடுகளை உள்ளிழுப்பதாக நினைத்துச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடுவதும், விமானம் ஓடுதளத்தில் வயிறு பதியச் சரிவதும் திரும்பத் திரும்ப நடந்தன. விமானியின் தவறு என்றே பதிவானது. அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் பார்த்தபோது, அந்த இரண்டு வேலைகளுக்குமான விசைகள் ஒரே வடிவத்தில் அருகருகே இருப்பதைக் கண்டார். சக்கரத்துக்கான விசையின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும், தகடுகளுக்கான விசையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். கண்ணால் பாராமலே விரலால் வேறுபாடு தெரிந்தது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் அந்த விசையின் முனை சக்கர வடிவிலேயே இருக்கிறது. 1947இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றிய ஜோன்ஸும், விமானியின் தவறு எனப்பட்ட 460 நிகழ்வுகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை விசைகளின் அமைப்போடு தொடர்புடையவை என்று காட்டினார்கள்.

அதே ஃபிட்ஸ் 1954இல் இன்னொன்றையும் அளந்து சொன்னார்: ஓர் இலக்கை எட்ட ஆகும் நேரம், அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறிய பொத்தானை மூலையில் ஒதுக்குவது எவ்வளவு தொல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் தொடுபரப்புக்கு 48 டிபி (திரைகளில் அளவைக் குறிக்கும் அலகு), அதாவது ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கேட்கிறது. உழைத்துக் காய்ப்பேறிய விரல்களுக்கு அதைவிடச் சற்றுப் பெரிதாகவே வைப்பது என் வழக்கம்.

தமிழ் இடைமுகத்துக்கென்றே சில இடர்கள் உண்டு. ஆங்கிலச் சொற்களின் நீளத்துக்கு வெட்டிய பெட்டிக்குள் தமிழைத் திணிக்கும்போது, "கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?" என்ற வரி "கடவுச்சொல்லை மற..." என்று அறுந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன்; கேள்வி, கடவுச்சொல்லை மறந்துவிடு என்ற கட்டளையாகிவிட்டது. வரியின் உயரம் குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளியும், 'கி'யை 'கீ'யாக்கும் மேற்சுழியும் வெட்டுப்படுகின்றன. வெளிர்ச் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்தால், வெயிலில் நின்று படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டுதல்.

பணம் செலுத்தும் திரைகளில் மௌனம் மிகவும் கெடுதல். பத்தில் ஒரு நொடிக்குள் கிடைக்கும் பதில் உடனடியாக நிகழ்ந்ததாகத் தோன்றும். ஒரு நொடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் தடைப்படும். பத்து நொடிக்கு மேல் கவனம் கலைந்துவிடும். தொட்ட பின்னும் திரை அசையாவிட்டால், பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் மனிதர்கள் மறுபடியும் தொடுகிறார்கள். "பணம் அனுப்பப்படுகிறது, மீண்டும் தொட வேண்டாம்" என்ற ஒரு வரியும், முதல் தொடுகைக்குப் பின் பொத்தானை முடக்குவதும் அந்தத் தவிப்பைப் பெரிதும் குறைக்கும்.

இவற்றையெல்லாம் மேசையருகே உட்கார்ந்து கண்டுபிடித்துவிட முடியாது. நான்கைந்து பேரை அழைத்து, ஆளுக்கொரு வேலை கொடுத்து, அருகில் வாய்மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். வாய்மூடி இருப்பதுதான் கடினம். அவர் தடுமாறும்போது விரல் நீட்டிக் காட்டிவிடத் தோன்றும், காட்டிவிட்டால் சோதனை அங்கேயே முடிந்துவிடும். அலுவலக நண்பர்களை வைத்துச் சோதிப்பவர்களிடம், அதில் பாதிப் பயன்கூடக் கிடைக்காது என்று சொல்லிவருகிறேன்.

திருத்திய பதிப்போடு அந்த அம்மாவிடமே மறுபடி போனேன். "ஆம், ரத்து செய்" என்பதைத் தயங்காமல் தொட்டார். "உங்கள் சீட்டு ரத்தாகிவிட்டது" என்று திரையில் வந்தது. அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, "சரிங்க தம்பி, பணம் எப்பத் திரும்ப வரும்? எதுல வரும்?" என்று கேட்டார். அந்தத் தகவல் திரையில் எங்குமே இல்லை.